ஒரே 10 ஜூல், ஆனால் சாகும் செல்கள் வேறு வேறு: ஒளி இயக்க சிகிச்சையில் ஆக்சிஜன் கணக்கு

#1 செல்தட்டு

வணக்கம். ஹீலா செல்களில் (ஆய்வகத்தில் வளர்க்கும் புற்றுச் செல்வகை) ஏஎல்ஏ (அமினோலெவுலினிக் அமிலம்) கொடுத்து ஒளி இயக்க சிகிச்சை (மருந்தை ஒளியால் தூண்டிச் செல்லைக் கொல்லும் முறை, இனி சுருக்கமாகப் பிடிடி) பார்க்கிறேன். 96 குழித் தட்டு, குழிக்கு 10,000 செல், 100 மைக்ரோலிட்டர் ஊடகம். ஏஎல்ஏ 1 மில்லிமோலார், 4 மணி நேரம் இருட்டில். விளக்கு 635 நானோமீட்டர் எல்இடி.

இரண்டு குழுவுக்கும் மொத்த ஒளி ச.செ.மீ.க்கு 10 ஜூல்தான். ஒன்றுக்கு ச.செ.மீ.க்கு 100 மில்லிவாட்டில் 100 விநாடி, மற்றதற்கு 10 மில்லிவாட்டில் 1000 விநாடி. 24 மணி நேரம் கழித்து எம்டிடி (உயிரோடு உள்ள செல்களை நிறத்தால் அளக்கும் சோதனை). ஒவ்வொரு முறையும் மெதுவாக ஒளி வாங்கிய குழிகளில்தான் செல்கள் அதிகம் செத்திருக்கின்றன. மருந்து ஒன்று, ஜூல் ஒன்று என்றால் விளைவும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? எதைச் சரிபார்க்கலாம்?

#2 மும்மைநிலை

உங்கள் தட்டு சரியாகத்தான் சொல்கிறது. ஜூல் என்பது எவ்வளவு ஒளி விழுந்தது என்ற கணக்கு மட்டும்தான். செல்லைக் கொல்வது ஆக்சிஜன். அது தீர்ந்துபோனால் அதற்குப் பிறகு விழும் ஒளி வீண்.

ஏஎல்ஏவிலிருந்து செல் தானே புரோட்டோபார்ஃபிரின் 9 என்ற ஒளியுணர் பொருளைத் தயாரிக்கிறது. அது ஒளியை விழுங்கிக் கிளர்ந்து, சில நானோவிநாடிகளில் டிரிப்லெட் நிலைக்கு (இரண்டு எலெக்ட்ரான்கள் இணைசேராமல் ஒரே திசைச் சுழற்சியோடு இருக்கும் நிலை) இறங்குகிறது. அங்கே மைக்ரோவிநாடிக் கணக்கில் காத்திருக்கும். நாம் சுவாசிக்கும் சாதாரண ஆக்சிஜனும் டிரிப்லெட்தான். இரண்டும் மோதும்போது மோலுக்கு 94 கிலோஜூல் கைமாறி, ஆக்சிஜன் சிங்லெட் (எலெக்ட்ரான் சுழற்சிகள் எதிரெதிரான, வீரியம் கூடிய நிலை) ஆகிறது. அதுவரை எதனுடனும் அவ்வளவு எளிதில் சேராமல் இருந்த ஆக்சிஜன், இப்போது சவ்விலுள்ள நிறைவுறாக் கொழுப்பு, ஹிஸ்டிடின், டிரிப்டோஃபேன், மெத்தியோனின் என்று கண்ணில் பட்டதையெல்லாம் தாக்கும். தண்ணீரில் அதன் ஆயுள் சுமார் 3.5 மைக்ரோவிநாடி, செல்லுக்குள் அதைவிடக் குறைவு. செல்லின் அகலம் 20 மைக்ரோமீட்டர் என்றால், அது ஓடக்கூடிய தூரம் அதில் நூற்றில் ஒரு பங்குகூட வராது. பிறந்த இடத்திலேயே தாக்கி முடித்துவிடும். புரோட்டோபார்ஃபிரின் மைட்டோகாண்ட்ரியாவில் உருவாவதால் முதல் அடியும் அங்கேதான்.

இப்போது உங்கள் குழியைப் பாருங்கள். 96 தட்டில் ஒரு குழியின் அடிப்பரப்பு ஏறக்குறைய 0.32 ச.செ.மீ. 100 மைக்ரோலிட்டர் ஊற்றினால் ஊடகம் 3 மி.மீ. உயரம் நிற்கும். 37 டிகிரியில் காற்றோடு சமநிலையில் உள்ள ஊடகத்தில் ஆக்சிஜன் சுமார் 200 மைக்ரோமோலார். மேலிருந்து அடிக்கு அது ஊடுருவிப் பரவித்தான் வர வேண்டும். பரவல் கெழுவை ஏறத்தாழ 2.5×10⁻⁵ ச.செ.மீ./விநாடி என்று எடுத்து, தூரத்தின் வர்க்கத்தை இரண்டு மடங்கு கெழுவால் வகுத்தால் 3 மி.மீ.க்கு 1800 விநாடி. அரை மணி நேரம்! நீங்கள் 100 விநாடியில் வேலையை முடித்துவிடுகிறீர்கள். செல்களை ஒட்டிய அடிப்படலத்தில் இருந்த ஆக்சிஜன் செலவாகிவிடுகிறது, மேலிருப்பது வந்து சேர நேரமில்லை. 1000 விநாடி கொடுத்தால் வரவுக்கும் செலவுக்கும் இடையே ஒரு சமநிலை கிடைக்கிறது.

ஊடகத்தின் உயரத்தை 1 மி.மீ. ஆக்கினால் அதே கணக்கு 200 விநாடிக்கு இறங்கிவிடும். ஒளி கொடுக்கும்போது மட்டும் குழிக்கு 35 மைக்ரோலிட்டர் வைத்துப் பாருங்கள். குழியின் நடுவில் ஊடகப் படலம் மெலிந்து செல் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

#3 அலைநீளம்

மும்மைநிலை சொன்ன காரணத்தை ஏற்கிறேன். ஆனால் அதற்கு முன் சாதாரணக் கோளாறுகளைக் கழித்துவிட வேண்டும்.

635 என்று அட்டையில் எழுதியிருக்கலாம், விளக்கு உண்மையில் எங்கே எரிகிறது? செடி வளர்க்க விற்கும் சிவப்பு எல்இடிகள் பெரும்பாலும் 660. புரோட்டோபார்ஃபிரினின் கடைசி உறிஞ்சல் முகடு 635 பக்கம், 660இல் அது அநேகமாக ஒளியை எடுப்பதே இல்லை. அந்த விளக்கு மெத்திலீன் நீலத்துக்குப் பொருந்தும், அதன் முகடு 664.

அடுத்தது சூடு. 100 மில்லிவாட்டில் தட்டின் அடி சூடேறுகிறதா என்று மெல்லிய தெர்மோகப்பிளைக் குழிக்குள் விட்டுப் பார்க்க வேண்டும். உங்கள் விஷயத்தில் வேகமாக ஒளி கொடுத்த குழுவில் சாவு குறைவு என்பதால் சூடு காரணமாக இருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் அளந்து குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஏஎல்ஏ ஹைட்ரோகுளோரைடு கரைசல் அமிலமானது, பிஎச் 7க்குக் கொண்டுவந்துதான் சேர்க்க வேண்டும். காரப் பக்கம் போனால் இரண்டு மூலக்கூறுகள் இணைந்து வீணாகும். அன்றன்றைக்குக் கரைப்பதே நல்லது. அந்த 4 மணி நேரமும் சீரம் இல்லாத ஊடகம்தானா? சீரத்திலுள்ள ஆல்புமின், செல் தயாரித்த புரோட்டோபார்ஃபிரினை வெளியே இழுத்துக்கொள்ளும். ஃபீனால் ரெட் (ஊடகத்துக்கு நிறம் தரும் சாயம்) இல்லாத ஊடகமோ பிபிஎஸ்ஸோ (உப்புத் தாங்கல் கரைசல்) போட்டுத்தான் ஒளி கொடுக்க வேண்டும்.

கட்டுப்பாட்டுக் குழிகள் நான்கு வகையும் இருக்கின்றனவா? எதுவும் இல்லாதது, ஒளி மட்டும், ஏஎல்ஏ மட்டும், இரண்டும். 1000 விநாடி குழு தட்டை வெளியே வைத்து 17 நிமிடம் காத்திருக்கிறது. 100 விநாடி குழுவும் அதே நேரம் இன்குபேட்டருக்கு வெளியே இருக்க வேண்டும். அறை வெப்பத்தில் இருந்த நேரம் வேறுபட்டால் ஒப்பீடு கெட்டுப்போகும்.

#4 செல்தட்டு

சீரம் இல்லை, பிஎச் சரிசெய்ததுதான், நான்கு கட்டுப்பாடும் உண்டு. ஸ்பெக்ட்ரோமீட்டரில் விளக்கின் முகடு 634. வெளியே வைக்கும் நேரத்தைச் சமன் செய்யவில்லை, அதை மாற்றிக்கொள்கிறேன்.

ஆக்சிஜன்தான் தீர்ந்தது என்பதை நேரடியாகக் காட்ட வழி உண்டா? சிங்லெட் ஆக்சிஜனுக்கு என்று விற்கும் பச்சை ஒளிர்வுச் சாயம் ஒன்று இருக்கிறது, அதை வாங்கலாமா?

#5 மும்மைநிலை

வாங்காதீர்கள். அந்தப் பச்சைச் சாயம் உயிருள்ள செல்லுக்குள் எளிதில் நுழையாது. போதாததற்கு, அதன்மேல் ஒளி பட்டால் தானே சிங்லெட் ஆக்சிஜனை உண்டாக்கும். டிபிபிஎஃப் என்ற இன்னொரு சாயம் என்றால் 410இல் உறிஞ்சல் குறைவதைப் பார்ப்போம், கரைசலில் நன்றாக வேலை செய்யும், ஆனால் வேறு ஆக்சிஜன் வகைகளோடும் வினைபுரியும். சந்தேகத்துக்கு இடமில்லாத சாட்சி 1270 நானோமீட்டரில் சிங்லெட் ஆக்சிஜன் தானே விடும் மங்கலான ஒளி. அதைப் பிடிக்க நைட்ரஜனில் குளிர்வித்த டிடெக்டரோ அகச்சிவப்பு போட்டோமல்டிப்ளையரோ வேண்டும்.

உங்களிடம் இருக்கும் பிளேட் ரீடரே போதும். புரோட்டோபார்ஃபிரின் ஒளியில் வெளுத்துப்போவதற்கும் ஆக்சிஜன் தேவை. 405இல் தூண்டி 635, 705 பக்கம் வரும் சிவப்பு ஒளிர்வை முதலில் அளந்துகொள்ளுங்கள். பிறகு 2 ஜூல் கொடுத்ததும், 5 ஜூல் கொடுத்ததும், 10 முடிந்ததும் அளந்து பாருங்கள். 10 மில்லிவாட் குழுவில் ஒளிர்வு படிப்படியாக இறங்கும். 100 மில்லிவாட் குழுவில் முதலில் கொஞ்சம் இறங்கி, பிறகு வெளுப்பது மந்தமானால், அந்த இடத்தில்தான் ஆக்சிஜன் தீர்ந்திருக்கிறது. மருந்து அப்படியே நிற்கிறது, ஒளியும் விழுகிறது, வினை மட்டும் நடக்கவில்லை.

இன்னொரு சோதனை: 100 மில்லிவாட்டையே 10 விநாடி ஒளி, 90 விநாடி இருட்டு என்று பத்துத் துண்டாகக் கொடுங்கள். மொத்தம் அதே 10 ஜூல், அதே 1000 விநாடி. விளைவு மெதுவான குழுவை நெருங்கினால் வாதம் உறுதி.

சோடியம் அசைடு போட்டு சிங்லெட் ஆக்சிஜனை அணைத்துக் காட்டுவது பல கட்டுரைகளில் வரும். கரைசலில் சரி. செல்லில் அசைடு சுவாசச் சங்கிலியையே அடைத்துவிடும், ஆக்சிஜன் செலவும் மாறிவிடும், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அதற்குப் பதில் கனநீரில் பிபிஎஸ் தயாரித்து ஒளி நேரத்துக்கு மட்டும் மாற்றுங்கள். கனநீரில் சிங்லெட் ஆக்சிஜனின் ஆயுள் பல மடங்கு கூடும். சாவு அதிகரித்தால் அதன் கைவேலை என்று சொல்லலாம்.

இந்தக் குழப்பம் துறையின் பிறப்பிலேயே இருந்தது. 1897-98இல் மியூனிக்கில் மருந்தியல் பேராசிரியர் டாப்பைனரின் மாணவர் ஆஸ்கர் ராப் அக்ரிடின் சாயத்தில் பாரமீசியங்களை (ஒரு செல் உயிரிகள்) போட்டுப் பார்த்தார். ஒரே அளவு சாயம், ஆனால் அவை சாக எடுத்த நேரம் ஒத்துவரவில்லை. அறையில் இருந்த வெளிச்சம்தான் வேறுபட்டது என்று பிறகு கண்டுபிடித்தார். ஆக்சிஜனும் வேண்டும் என்பது அதற்குப் பின் தெரியவந்தது.

#6 தோல்நோக்கு

தட்டில் நடப்பதுதான் நோயாளியின் தோலிலும் நடக்கிறது. அங்கே 3 மி.மீ. ஊடகத்துக்குப் பதில் தந்துகிக் குழாய்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஏஎல்ஏவின் மெத்தில் எஸ்டரான மெத்தில் அமினோலெவுலினேட் களிம்பு (கிராமுக்கு 160 மி.கி.) போடும் முறை இது. முதலில் பொருக்கை க்யூரெட்டால் மெல்லச் சுரண்ட வேண்டும், இரத்தம் கசியக் கூடாது. பொருக்கு இருந்தால் களிம்பும் இறங்காது, ஒளியும் இறங்காது. 1 மி.மீ. கனத்தில் தடவி, சுற்றியுள்ள நல்ல தோலிலும் 5 முதல் 10 மி.மீ. வரை விட்டு, ஒளிபுகாமல் மூடி 3 மணி நேரம். துடைத்துவிட்டு 630 சொச்சத்தில் சிவப்பு எல்இடி, 37 ஜூல். 50 மில்லிவாட் விளக்கென்றால் 740 விநாடி. வெயில் படும் இடங்களில் வரும், புற்றாக மாறக்கூடிய சொரசொரப்புத் திட்டான ஆக்டினிக் கெரட்டோசிஸுக்கு ஒரு அமர்வு, மூன்று மாதத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். போவன் நோய்க்கும் (தோலின் மேலடுக்கிலேயே நிற்கும் புற்று) மேலோட்டமான பேசல் செல் புற்றுக்கும் (ஒரு வகைத் தோல் புற்று) ஒரு வாரம் விட்டு இரண்டு அமர்வு.

வலி முதல் சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போகும். இங்கே நடக்கும் தவறு ஒன்று: மரத்துப்போக ஊசி போடும்போது அட்ரினலின் கலந்த மருந்தை எடுத்துவிடுவது. இரத்தக் குழாய் சுருங்கினால் ஆக்சிஜன் வரத்து நின்றுபோகும், ஒளி முழுவதும் கொடுத்தும் பலன் குறையும். அட்ரினலின் இல்லாததையே எடுக்க வேண்டும், நரம்புத் தடை இன்னும் நல்லது. குளிர்காற்று ஊதுவது வலிக்கு இதமாக இருக்கும், ஆனால் குளிரில் புரோட்டோபார்ஃபிரின் வெளுப்பதும் குறைகிறது. மும்மைநிலை சொன்ன அதே அளவுகோல்தான். நடுவில் ஒளியை நிறுத்தி இடைவெளி கொடுப்பதைத்தான் நான் விரும்புவேன்.

ஏஎல்ஏவில் 20 ஜூல், 2 மணி நேரம் இருட்டு, பிறகு 80 ஜூல் என்று பிரித்துக் கொடுக்கும் முறை ராட்டர்டாமில் உருவானது. மேலோட்டமான பேசல் செல் புற்றில் ஒரே தவணையை விட நன்றாக வேலை செய்தது. ஆனால் மெத்தில் எஸ்டரில் எலித் தோலில் அதே பலன் கிடைக்கவில்லை. அதனால் இரண்டு மணி நேர இடைவெளியை ஆக்சிஜன் திரும்புவதற்கு மட்டும் என்று படிப்பது போதாது.

#7 பகல்வெளிச்சம்

தோல்நோக்கு அவர்களுக்கு: பகல் வெளிச்சத்திலேயே பிடிடி செய்வதாகப் படித்தேன். விளக்கே இல்லாமல் எப்படி அளவு வைக்கிறார்கள்? வலியும் இல்லை என்கிறார்களே?

#8 தோல்நோக்கு

களிம்பு தடவிய 30 நிமிடத்துக்குள் வெளியே போய் 2 மணி நேரம் இருக்க வேண்டும். வெப்பநிலை 10 டிகிரிக்கு மேல், மழை இல்லாத நாள். புரோட்டோபார்ஃபிரின் சேர்ந்து குவிவதற்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாகிவிடுவதால் வலி வெகுவாகக் குறைகிறது. செல்தட்டின் 10 மில்லிவாட் குழுவை இன்னும் நீட்டியது போல நினைத்துக்கொள்ளுங்கள்.

சன்ஸ்கிரீன் முதலில் தடவ வேண்டும், ஆனால் துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டைஆக்சைடு, இரும்பு ஆக்சைடு உள்ளது கூடாது. அவை கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுத்துவிடும். புற ஊதாவை மட்டும் வடிகட்டும் வேதிச் சன்ஸ்கிரீன் வேண்டும். மெல்லிய கெரட்டோசிஸுக்கு மட்டுமே இது, தடித்ததற்கு எடுபடாது. நம் நிறத் தோலில் மெலனின் நீல ஒளியை அதிகம் எடுத்துக்கொள்ளும், ஆறிய பின் கருமை தங்கும் வாய்ப்பும் கூடுதல். அதை முன்பே நோயாளியிடம் சொல்லிவிட வேண்டும்.

#9 விழித்திரை

மெதுவாகக் கொடுப்பதே நல்லது என்று இழை போகிறது. ஒரு எதிர் உதாரணம். கண்ணுக்கான வெர்ட்டிபார்ஃபின் (நரம்பு வழி ஏற்றும் ஒளியுணர் மருந்து) பிடிடியில் நாங்கள் கொடுப்பது 600 மில்லிவாட், 83 விநாடி, மொத்தம் 50 ஜூல். இருந்தும் வேலை செய்கிறது. காரணம், மருந்து இருப்பது இரத்தக் குழாய்க்குள்ளேயே. கண்ணின் கோராய்டு (விழித்திரைக்குப் பின்னால் உள்ள இரத்தக் குழாய்ப் படலம்) உடலிலேயே மிக வேகமாக இரத்தம் ஓடும் திசுக்களில் ஒன்று. ஆக்சிஜன் நொடிக்கு நொடி வந்துகொண்டே இருக்கிறது. குழாயின் உட்சுவர் செல்கள் அடிபட்டு, உள்ளே இரத்தம் உறைந்து, கசியும் குழாய் அடைபடுகிறது.

15 மி.கி. குப்பியில் 7 மி.லி. கிருமியற்ற நீர் விட்டால் 7.5 மி.லி. கிடைக்கும், மி.லி.க்கு 2 மி.கி. அளவு உடல் பரப்பு ச.மீ.க்கு 6 மி.கி. 1.6 ச.மீ. உள்ளவருக்கு 9.6 மி.கி., அதாவது 4.8 மி.லி. அதை 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் சேர்த்து 30 மி.லி. ஆக்க வேண்டும். சலைன் கூடவே கூடாது, மருந்து திரிந்து வீழ்படிவாகும். நிமிடத்துக்கு 3 மி.லி. வீதம் 10 நிமிடம். ஏற்றத் தொடங்கியதிலிருந்து 15ஆவது நிமிடம் 689 நானோமீட்டர் லேசர். ஏற்றி முடித்ததிலிருந்து எண்ணுவது அடிக்கடி நடக்கும் பிழை. ஒளிப்புள்ளி, புண்ணின் நீண்ட அளவோடு 1000 மைக்ரோமீட்டர் கூட்டியது. பார்வை நரம்பு வட்டின் விளிம்பிலிருந்து 200 மைக்ரோமீட்டர் விலகியே நிற்க வேண்டும்.

புறங்கைச் சிரை வேண்டாம், முழங்கை மடிப்பில் பெரிய சிரையைப் பிடியுங்கள். மருந்து வெளியே கசிந்தால் உடனே நிறுத்தி, குளிர் ஒத்தடம் கொடுத்து, வீக்கமும் நிறமும் போகும்வரை அந்த இடத்தை ஒளி படாமல் மூடி வைக்க வேண்டும். மற்றபடி 5 நாள் வெயிலும் பிரகாசமான விளக்கும் தவிர்த்தால் போதும்.

விழித்திரைக்கு அடியில் நீர் கோக்கும் சென்ட்ரல் சீரஸ் நோயில் பாதி மருந்து (ச.மீ.க்கு 3 மி.கி.) அல்லது பாதி ஒளி (300 மில்லிவாட், 25 ஜூல்) கொடுத்தாலே நீர் வற்றுகிறது, கோராய்டுக்கும் சேதம் குறைவு. ஆசியர்களிடம் கூடுதலாகக் காணப்படும் பாலிபாய்டல் நோயில் (கோராய்டு குழாய்கள் முண்டுமுண்டாக வீங்குவது) கண்ணுக்குள் போடும் ஊசியோடு சேர்த்து இன்னும் இதற்கு இடமிருக்கிறது. 2021 முதல் உலகளவில் வெர்ட்டிபார்ஃபினுக்கு வந்த தட்டுப்பாட்டில் அப்படிப்பட்ட நோயாளிகள்தான் தவித்தார்கள். ஒரே இடத்தில் தயாராகும் மருந்தை நம்பி ஒரு சிகிச்சை முறையே நிற்பது கவலைக்குரியது.

#10 மும்மைநிலை

விழித்திரை சொன்னது முக்கியமான திருத்தம். வேகம் எவ்வளவு என்பதை மருந்து எங்கே நிற்கிறது, அங்கே ஆக்சிஜன் எப்படி வருகிறது என்பது தீர்மானிக்கிறது.

ஒளியால் செல்லைக் கொல்வதெல்லாம் சிங்லெட் ஆக்சிஜன் வழியும் அல்ல. புராஸ்டேட்டுக்கு 2017இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்ற பேடெலிபார்ஃபின் (753 நானோமீட்டர்) பெரும்பாலும் எலெக்ட்ரானைக் கைமாற்றி சூப்பராக்சைடு, ஹைட்ராக்சில் ரேடிக்கல் வழியே இரத்தக் குழாயை அடைக்கிறது. ஜப்பானில் 2020இல் அனுமதி பெற்ற, செட்டுக்ஸிமாப் எதிர்ப்புரதத்தோடு சாயம் கோத்த மருந்தில் 690 ஒளி பட்டதும் சாயத்தின் ஒரு பகுதி கழன்று, நீரில் கரையாததாகி, செல் சவ்வைக் கிழிக்கிறது என்பதுதான் முதன்மையான விளக்கம். மருந்தின் பெயர் தெரியாமல் "பிடிடிக்கு எத்தனை ஜூல்" என்று கேட்டால் பதிலே கிடையாது.

#11 எண்டோஅறை

உணவுக்குழாய் பக்கத்திலிருந்து ஒரு எச்சரிக்கை. உணவுக்குழாய்ப் புற்றுக்குப் போட்டோஃபிரின் என்ற ஒளியுணர் மருந்து கொடுக்கும் முறையில் 300 ஜூல் என்று படித்துவிட்டு ச.செ.மீ.க்கு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது ஒளியைப் பக்கவாட்டில் பரப்பும் இழையின் நீளத்தில் ஒரு செ.மீ.க்கு 300 ஜூல். செ.மீ.க்கு 400 மில்லிவாட், 12 நிமிடம் 30 விநாடி. மருந்து கிலோவுக்கு 2 மி.கி., 3 முதல் 5 நிமிடத்தில் மெதுவாக ஏற்றி, 40 முதல் 50 மணி நேரம் கழித்து 630 நானோமீட்டர். இரண்டு நாளில் செத்த திசுவை எண்டோஸ்கோப்பில் அகற்றி, மருந்து ஏற்றிய 96 முதல் 120 மணி நேரத்துக்குள் தேவைப்பட்டால் இன்னொரு முறை ஒளி. செத்த திசுவை எடுக்காமல் இரண்டாம் ஒளி கொடுத்தால், மேலே கிடக்கும் அழுகலே அதை விழுங்கிவிடும். கட்டி மூச்சுக்குழாயையோ பெரிய இரத்தக் குழாயையோ அரித்திருந்தால் தொடவே கூடாது, கட்டி கரைந்த இடத்தில் ஓட்டை விழும்.

வெயிலுக்குக் குறைந்தது 30 நாள் தடை. சன்ஸ்கிரீன் இங்கே காப்பாற்றாது, எரிப்பது கண்ணுக்குத் தெரியும் ஒளி. முழுக்கை உடை, அகல விளிம்புத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி. அதற்காக வீட்டை இருட்டாக்கி முடங்கவும் வேண்டாம். சாதாரண அறை வெளிச்சம் தோலில் தங்கிய மருந்தை மெல்ல வெளுக்க வைக்கும், அது நல்லது. 30 நாள் முடிந்ததும் முகம் அல்லாத ஒரு சிறு இடத்தை 10 நிமிடம் வெயிலில் காட்டி 24 மணி நேரம் பார்க்க வேண்டும். சிவப்போ வீக்கமோ வந்தால் இன்னும் இரண்டு வாரம் பொறுத்துத் திரும்பச் சோதிக்கலாம்.

#12 புதியவர்

மெத்திலீன் நீலம் மலிவாகக் கிடைக்கிறது, சிவப்பு விளக்கும் இருக்கிறது. வீட்டிலேயே தோல் புண்ணுக்குப் போடலாமா?

#13 தோல்நோக்கு

வேண்டாம். அந்தப் புண் என்ன என்று பயாப்சி சொல்லாமல் எதையும் எரிக்கக் கூடாது. மேலே ஆறி உள்ளே வளரும் புற்றைக் கண்டுபிடிக்கும்போது காலம் கடந்திருக்கும். சிவப்பு ஒளி பயன்படும் ஆழமே சில மி.மீ.தான். மெத்திலீன் நீலத்தை உள்ளுக்கு எடுப்பது இன்னும் ஆபத்து. மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுபவருக்கு செரட்டோனின் நச்சுநிலை வரலாம், ஜி6பிடி (சிவப்பணுவைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடு உள்ளவருக்கு இரத்த அணுக்கள் உடையலாம்.

#14 செல்தட்டு

எல்லோருக்கும் நன்றி. அடுத்த தட்டில் நான்கு வரிசை வைக்கிறேன்: 100 மில்லிவாட் தொடர்ச்சியாக, 100 மில்லிவாட் பத்துத் துண்டாக, 10 மில்லிவாட், பிறகு 35 மைக்ரோலிட்டரில் 100 மில்லிவாட். ஒவ்வொன்றிலும் 0, 2, 5, 10 ஜூலில் ஒளிர்வு. எல்லாத் தட்டும் வெளியே இருக்கும் நேரம் சமம். எதையாவது விட்டுவிட்டேனா?

#15 அலைநீளம்

ஒளிர்வை அளக்கும் 405 ஒளியும் பிடிடிதான், அங்கேதான் புரோட்டோபார்ஃபிரினின் மிகப் பெரிய உறிஞ்சல். அதனால் ஒளிர்வுக்குத் தனிக் குழிகள், எம்டிடிக்குத் தனிக் குழிகள். பக்கத்துக் குழிக்கு ஒளி கசியாமல் இருக்கக் கறுப்புச் சுவர், தெளிந்த அடி உள்ள தட்டு எடுங்கள். பவர் மீட்டரைத் தட்டின் அடி இருக்கும் அதே உயரத்தில், அதே மூடியோ காலித் தட்டோ நடுவில் வைத்து, நடுவிலும் நான்கு மூலையிலும் அளந்து பாருங்கள். விளக்கை 15 நிமிடம் எரியவிட்ட பிறகுதான் அளக்க வேண்டும். எல்இடி சூடேறும்போது ஒளி குறையும், முகடும் சில நானோமீட்டர் சிவப்புப் பக்கம் நகரும். பத்துத் துண்டு வரிசைக்கு விளக்கை அணைத்து ஏற்றாதீர்கள், எரியும் விளக்குக்கு முன் அட்டையை வைத்து மறையுங்கள்.